சர்ப்பகந்தி, கூர்க்கன், முருங்கை: எலிக்கு இறங்கிய பிரஷர் மனிதனுக்கும் இறங்குமா?

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. பல வருஷமாக அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், பிரஷர் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. போன வாரம் சொந்தக்காரர் ஒருவர் ஒரு டப்பா மூலிகைப் பொடியைக் கொடுத்து, மாத்திரையை நிறுத்திவிட்டு தினமும் காலையில் ஒரு ஸ்பூன் வெந்நீரில் குடிக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். டப்பாவில் சர்ப்பகந்தி வேர், முருங்கை இலை, இன்னும் சில பெயர்கள். எது எவ்வளவு என்று இல்லை. பின்பக்கம் "ரத்த அழுத்தத்தைக் குறைப்பது விலங்கு ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டது" என்று ஒரு வரி.

அந்த வரி உண்மையா? உண்மை என்றால் அதை நம்பி மாத்திரையை விடலாமா? டாக்டரிடம் கேட்கத்தான் போகிறேன், அதனால் "டாக்டரைப் பார்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். விஷயம் புரிய வேண்டும்.

குடுவை

மருந்தியல் பாடம் எடுக்கிறவன் நான். முதல் கேள்விக்கு, சர்ப்பகந்தியைப் பொறுத்தவரை உண்மைதான். இரண்டாவது கேள்விக்கு அந்தப் பிராணிகளே "விடாதே" என்று பதில் சொல்லிவிட்டன. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இந்த வேர் மனநோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் வேலை செய்கிறது என்று எழுதினார்கள். அதே வருஷம் டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து ஐந்து ஆல்கலாய்டுகளை (செடியில் இருக்கும், உடலில் வேலை செய்யும் வேதிப்பொருள்கள்) பிரித்தெடுத்தார். கல்லூரியை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரை வைத்து அவற்றில் ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். 1933-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ஆர்.என். சோப்ரா குழு, இந்த வேரின் ஆல்கலாய்டு ஒன்று பிராணிகளில் பிரஷரை இறக்குவதாகப் பதிவு செய்தது.

அந்தக் காலத்தில் எப்படி அளந்தார்கள் என்று தெரிந்தால் அந்த வரியின் எடை புரியும். பூனையையோ நாயையோ மயக்கி, கழுத்துத் தமனியில் குழாய் செருகி, அதைப் பாதரச மானியோடு இணைப்பார்கள். பாதரசத்தின் மேல் மிதக்கும் ஊசி, புகைக்கரி பூசிய தாள் சுற்றிய உருளையில் கோடு கீறிக்கொண்டே போகும். மருந்தை ஊசி வழியே செலுத்தியதும் கோடு கீழே வளைந்தால் "இறங்கியது". மயங்கிக் கிடக்கும் பிராணி, நேராக ரத்தத்தில் ஊசி, பார்த்தது சில நிமிஷம் அல்லது சில மணி நேரம். அப்பா காலையில் குடிக்கப்போகும் ஸ்பூன் பொடிக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

சர்ப்பகந்தி அதோடு நிற்கவில்லை என்பதுதான் அதன் பெருமை. 1949-இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வகீல், ரத்தக்கொதிப்பு நோயாளிகள் 50 பேருக்கு வேரைக் கொடுத்துப் பார்த்து பிரிட்டிஷ் இதய இதழில் வெளியிட்டார். வெளிநாட்டு டாக்டர்கள் கண் திறந்தது அதற்கு அப்புறம்தான். ஒரு விசித்திரம் என்னவென்றால், முதலில் பிரித்த படிகங்களில் வேரின் அந்த அமைதிப்படுத்தும் குணம் சரியாகக் கிடைக்கவில்லை. ஒதுக்கிவைத்த பிசின் மாதிரியான பகுதியில்தான் அது இருந்தது. 1952-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தில் முல்லர், ஷ்லிட்லர், பைன் மூவரும் அதிலிருந்து ரிசர்பின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்தார்கள். பைன் அதைப் பிராணிகளுக்குக் கொடுத்தபோது கவனித்த விஷயம் முக்கியமானது: ரத்தத்திலேயே செலுத்தினாலும் பிரஷர் உடனே இறங்குவதில்லை. மெதுவாக இறங்குகிறது, இறங்கினால் சீக்கிரம் ஏறுவதும் இல்லை.

மூலிகைமணி

குடுவை ஐயா, வரலாறு அருமை. ஆனால் ஒரு சித்த மருத்துவராகக் கொஞ்சம் முரண்படுகிறேன். நீங்கள் சொன்னது ரிசர்பினின் கதை. எங்களுக்கு அது வேர். வேரில் இருக்கிற மற்றவை எல்லாம் சேர்ந்துதான் மருந்து. ஒன்றை மட்டும் உருவி எடுத்து, அதிக அளவில் கொடுத்துவிட்டு, பக்கவிளைவு வந்ததும் பழியை மூலிகை மேல் போடுவது நியாயமில்லை. அப்புறம், எந்த எலியைக் கேட்டு எங்கள் முன்னோர் மருந்து கொடுத்தார்கள்? மனிதர்களிடமே நூற்றாண்டுகளாகப் பார்த்த அனுபவம் அது.

ஆனால் வைகைக்கரை தம்பிக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சர்ப்பகந்தியை அளவு போடாத டப்பாவில் விற்பது எங்கள் முறையே இல்லை. நாடி பார்த்து, வயது பார்த்து, குன்றிமணி எடையில் கணக்குப் பண்ணிக் கொடுக்கிற சரக்கு அது. ஸ்பூன் கணக்கெல்லாம் கிடையாது.

குடுவை

மூலிகைமணி அம்மா, உங்கள் கடைசிப் பத்தியை அப்படியே வழிமொழிகிறேன். கணக்கே போட்டுக் காட்டலாம். மருந்துத் தரத்துக்கு ஏற்ற சர்ப்பகந்தி வேர்ப்பொடியில் ரிசர்பின் வகை ஆல்கலாய்டு 0.15 முதல் 0.20 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மருந்து நூலின் வரையறை. ஒரு ஸ்பூன் பொடி 3 கிராம் என்று வையுங்கள். அதில் பத்தில் ஒரு பங்குதான் சர்ப்பகந்தி என்றாலும் 300 மில்லிகிராம் வேர். அதில் ரிசர்பின் சுமார் 0.45 மில்லிகிராம். பிரஷருக்கு டாக்டர்கள் எழுதிவந்த ஒரு நாள் அளவு 0.1 முதல் 0.25 மில்லிகிராம். டப்பாவில் பாதிக்குப் பாதி சர்ப்பகந்தி இருந்தால்? நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. இல்லை, விலை மிச்சம் பிடிக்கப் பெயருக்குக் கிள்ளிப் போட்டிருந்தால் ஒன்றுமே இறங்காது, மாத்திரையை விட்டதற்குப் பிரஷர் ஏறும். இரண்டில் எது நடக்கும் என்று டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது.

முழு வேர் என்றால் சாது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். அந்த "மற்றவை"யில் ஒன்றுதான் அஜ்மலின். இதயத்தின் மின்னோட்டத்திலேயே கை வைக்கிற சரக்கு அது. ப்ருகாடா என்ற பரம்பரை இதயக் கோளாறைக் கண்டுபிடிக்க இன்றைக்கும் பல நாடுகளில் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, இசிஜி ஓடிக்கொண்டிருக்கும்போது, அஜ்மலினை ஊசியாகச் செலுத்திப் பார்க்கிறார்கள்.

முன்னோர் அனுபவம் பற்றி: வேர் மனதை அமைதிப்படுத்தும், தூக்கம் வரவைக்கும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லலாம், சொன்னார்கள். ஆனால் பிரஷர் கண்ணுக்குத் தெரியாது. கைப்பட்டை கட்டி அளக்கிற கருவி வந்ததே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தானே.

சும்மாவந்தவன்

நான் பாப்கார்னோடு உட்கார்ந்திருக்கிறேன். தொடருங்கள் 😄

மூலிகைமணி

அளவுக்கருவி பற்றிச் சொன்னது சரி, அதை மறுக்கவில்லை. தலைசுற்றல், படபடப்பு, தூக்கமின்மை என்று குறிகளாகத்தான் நூல்களில் வரும். ஆனாலும் ரிசர்பின் ஏன் மனச்சோர்வு தருகிறது, மூக்கடைப்பு தருகிறது என்பதற்கு உங்கள் பிராணிகள் என்ன சொல்லின? அதையும் சொல்லிவிடுங்கள்.

குடுவை

நல்ல கேள்வி. எனக்குப் பிடித்த இடமும் இதுதான்.

நரம்பு முனைகளில் நோர்அட்ரினலின், டோபமைன், செரோட்டோனின் என்ற செய்தி கடத்தும் பொருள்கள் எல்லாம் சின்னச் சின்னப் பைகளில் சேர்த்துவைக்கப்பட்டிருக்கும். கிடங்கு மாதிரி. கிடங்குக்குள் சரக்கு ஏற்றும் வாசலை ரிசர்பின் அடைத்துவிடுகிறது. வெளியே கிடக்கும் சரக்கை நொதிகள் சிதைத்துவிடும். சில மணி நேரத்தில் கிடங்கு காலி. ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கச் சொல்லும் நோர்அட்ரினலின் இல்லை, குழாய் தளர்கிறது, இதயம் நிதானமாகிறது, பிரஷர் இறங்குகிறது. பைன் பார்த்த அந்த மெதுவான இறக்கத்துக்குக் காரணம் இதுதான். அடைபட்ட வாசல் மறுபடி திறப்பதில்லை. புதுப் பைகள் உருவாகி வர வேண்டும், அதனால்தான் மருந்தை நிறுத்தினாலும் பல நாள் விளைவு நீடிக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது முயல்களும் பூனைகளும்தான். 1955-இல் அமெரிக்காவில் பிராடியின் குழு, ரிசர்பின் கொடுத்த முயல் மூளையில் செரோட்டோனின் வற்றிப்போவதைக் கண்டது. 1956-இல் மார்த்தே ஃபோக்ட் பூனை மூளையின் ஹைப்போதாலமஸில் நோர்அட்ரினலின் குறைவதைக் காட்டினார். 1957-இல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் செய்ததுதான் உச்சம். ரிசர்பின் கொடுத்த முயல் காது தொங்கி, கண் இமை கவிழ்ந்து, அசையாமல் கிடந்தது. உடலில் டோபமைனாக மாறும் எல்-டோபாவை ஊசியாகப் போட்டதும் எழுந்து நடமாட ஆரம்பித்தது. பார்க்கின்சன் நோய்க்கு இன்றைக்குக் கொடுக்கும் மாத்திரை இந்த வழியில் வந்ததுதான். கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு.

அந்த முயலைப் பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பதில் தெரிந்துவிடும் அம்மா. பிரஷரை இறக்கிய அதே வேலைதான் அதை முடக்கியும் போட்டது. மூக்கின் ரத்தக்குழாய் தளர்ந்தால் மூக்கடைப்பு. இதய நரம்பு அடங்கினால் நாடித்துடிப்பு குறைவு. குடலில் எதிர்த்தரப்பு நரம்பு கை ஓங்கினால் வயிற்றுப்போக்கு. மூளையில் டோபமைன் வற்றினால் சிலருக்குச் சோர்வு, சிலருக்கு நடுக்கம்.

அதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 1967-இல் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகளில், பிரஷரின் கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 பேரை வைத்து நடந்த ஆய்வுதான், பிரஷருக்கு மருந்து சாப்பிட்டால் பக்கவாதமும் இதயக் கோளாறும் குறையும் என்று சந்தேகமில்லாமல் காட்டியது. அதில் கொடுத்த மூன்று மருந்துகளில் ஒன்று ரிசர்பின்.

ஆடுமாடு டாக்டர்

கால்நடை மருத்துவன். பிராணி என்றாலே எலி, முயல் என்று நிறுத்திவிட்டீர்கள். ரிசர்பின் பிராணிகளுக்கே மருந்தாகவும் இருந்திருக்கிறது.

வான்கோழி தெரியும்தானே? அமெரிக்காவில் கறிக்காக வேகமாக வளர்க்கும் ஆண் வான்கோழிகள் நன்றாகத் தின்றுகொண்டிருக்கும்போதே திடீரென்று செத்து விழும். அறுத்துப் பார்த்தால் வயிற்றுக்குள் ரத்தம் கட்டிக் கிடக்கும். பெருந்தமனி வெடித்திருக்கும். வான்கோழிக்குப் பிரஷர் சாதாரணமாகவே 200-ஐத் தாண்டும், நமக்கு 120 என்றால் அதற்கு அது. 1950களின் கடைசியில் இருந்து தீவனத்தில் மிகச் சிறிய அளவு ரிசர்பின் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள், சாவு குறைந்தது. நம் காட்டுச் செடியின் சரக்கு வெள்ளைக்காரன் வான்கோழித் தொட்டி வரை போயிருக்கிறது.

குதிரை இன்னொரு கதை. முரட்டுக் குதிரையை நாள்கணக்கில் சாதுவாக வைக்க இதைப் பயன்படுத்துவார்கள், விற்பனைக்கு வரும் குதிரைக்குப் போட்டு ஏமாற்றுவதும் உண்டு. வாங்கியவன் வீட்டுக்குப் போய்ப் பல நாள் கழித்துத்தான் அதன் நிஜ சுபாவம் தெரியும். போட்டிகளில் இது தடை செய்யப்பட்ட சரக்கு. குதிரைக்கும் வயிற்றுப்போக்கு வரும், வயிற்றுவலி வரும். குடுவை சார் சொன்ன பட்டியல் அப்படியே பொருந்தும்.

சும்மாவந்தவன்

வான்கோழிக்கு பிபி 200 என்று தெரியாமல் கிறிஸ்துமஸுக்கு ஒன்றைத் தின்றுவிட்டேனே டாக்டர்.

ஆடுமாடு டாக்டர்

அதற்கு இனி பிரஷர் பிரச்சினை இல்லை, உங்களுக்குத்தான் தம்பி 😀

பிப்பெட்

எம்.பார்ம் (மருந்தியல் முதுகலை) மாணவி. எலி வேலை தினமும் செய்கிறவள் என்பதால் அந்த டப்பா வரியின் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

இப்போது யாரும் கரித்தாள் உருளை வைப்பதில்லை. எலியை ஒரு கண்ணாடிக் குழாய் மாதிரியான கூட்டில் நுழைத்து, வால் மட்டும் வெளியே நீட்டியிருக்க, வாலில் சின்னக் காற்றுப்பட்டை மாட்டி அளப்போம். வாலைச் சூடாக்க வேண்டும், இல்லாவிட்டால் வால் தமனி சுருங்கிக்கொண்டு துடிப்பே கிடைக்காது. புதிதாகக் கூட்டில் நுழைக்கும் எலி பயத்தில் படபடக்கும், பிரஷர் எகிறும். பல நாள் பழக்கினால்தான் நிஜ அளவு வரும். சரியாகப் பழக்காமல் ஆரம்பித்தால் என்ன ஆகும் தெரியுமா? எலி போகப்போகக் கூட்டுக்குப் பழகும், பிரஷர் தானாக இறங்கும், பெயர் மூலிகைக்குப் போகும். வெறும் தண்ணீர் கொடுத்த எலிக்கூட்டத்துக்கும் எவ்வளவு இறங்கியது என்று பார்க்காமல் எந்தக் கட்டுரையையும் நான் நம்புவதில்லை.

எந்த எலி என்பதும் முக்கியம். 1963-இல் ஜப்பானின் கியோட்டோவில் ஒகமோட்டோ, ஆவோக்கி இருவரும் பிரஷர் தானாகவே ஏறும் ஒரு எலி வம்சத்தை வளர்த்தெடுத்தார்கள். மனிதனின் ரத்தக்கொதிப்புக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது அது. நல்ல பிரஷரோடு இருக்கும் எலிக்கு ஊசி போட்டு இறக்கிக் காட்டுவது வேறு விஷயம்.

அடுத்தது அளவு. "கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாரம் கொடுத்தோம்" என்று எழுதுவார்கள். எலி அளவை மனித அளவாக்க 6.2-ஆல் வகுப்பது வழக்கம். கிலோவுக்குச் சுமார் 65 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 3.9 கிராம் சாரம். கவனியுங்கள், சாரம், பொடி இல்லை. 100 கிராம் காய்ந்த இலையைச் சாராயத்தில் ஊறவைத்து வற்றவைத்தால் 10 கிராம் சாரம் தேறும் என்று வைத்தாலும், தினம் 39 கிராம் காய்ந்த இலை. ஒரு ஸ்பூனில் இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

வைகைக்கரை

பிப்பெட், அப்படியென்றால் முருங்கை பங்கு வெறும் கண்துடைப்பா? தினமும் கீரை சமைக்கிற வீடு எங்களுடையது. முருங்கைக்குப் பிரஷர் குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்களே.

பிப்பெட்

கீரையை நிறுத்திவிடாதீர்கள், அது நல்ல உணவு 🙂 கராச்சியில் 1990களில் முருங்கை இலையிலிருந்து நியாசினின், நியாசிமிசின் என்ற பொருள்களைப் பிரித்து, மயங்கிய எலிகளுக்கு ரத்தத்தில் செலுத்தி, பிரஷர் இறங்குவதைக் காட்டினார்கள். வேலை உண்மையானது. ஆனால் நீங்கள் கீரையை ரத்தத்தில் செலுத்துவதில்லையே. வாய் வழியே போனால் குடல் இருக்கிறது, கல்லீரல் இருக்கிறது, இரண்டையும் தாண்டி எவ்வளவு மிஞ்சும் என்பது தனிக் கேள்வி.

இன்னொன்றும் உண்டு. ஏதோ ஒரு இலையின் கச்சாச் சாரத்தை எலியின் ரத்தத்தில் விட்டாலும் பிரஷர் ஒரு நிமிஷம் சரிந்து எழும் வாய்ப்பு நிறைய. செடிகளில் பொட்டாசியம் இருக்கும், சிலவற்றில் ஹிஸ்டமினும் அசிட்டைல்கோலினும் இருக்கும். அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும் அட்ரோபினை முதலில் கொடுத்துவிட்டுப் பார், அப்போதும் இறங்கினால் பேசலாம் என்பார் எங்கள் மேடம்.

ஆத்தூர் விவசாயி

சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கம் மருந்துக் கூர்க்கன் (கோலியஸ்) கிழங்கு போடுகிறவன். சர்ப்பகந்தி பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் கிழங்கும் பிரஷருக்குத்தான் போகிறது என்று கம்பெனி ஆள் சொன்னார். உண்மையா? ஒப்பந்தம் போட்டு கிழங்கை நறுக்கிக் காயவைத்துத் தருகிறோம், எதற்குப் போகிறது என்று சரியாகத் தெரியாது. நூற்புழுவும் வாடல் நோயும் வந்தால் மொத்தமும் போய்விடும், அது வேறு கவலை.

குடுவை

அண்ணா, உங்கள் கிழங்கும் இந்தக் கதையில் பெரிய ஆள்தான். 1970களில் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையமும் பம்பாயின் ஹெக்ஸ்ட் ஆய்வுக்கூடமும் தனித்தனியாக அதிலிருந்து ஒரே பொருளைப் பிரித்தன. லக்னோக்காரர்கள் கோலியோனால் என்றார்கள், பம்பாய்க்காரர்கள் வைத்த ஃபோர்ஸ்கோலின் என்ற பெயர் நிலைத்தது. பூனை, நாய், எலி மூன்றிலும் பிரஷரை இறக்கியது, இதயத் துடிப்பின் வேகத்தையும் பலத்தையும் கூட்டியது. செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தியாளை நேரடியாகக் கூட்டுகிற சரக்கு அது, உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் அதற்காகவே வாங்குகிறார்கள். பிரஷர் மாத்திரையாக மட்டும் அது கரை சேரவில்லை. உங்கள் கிழங்கில் பெரும்பகுதி போவது உடல் எடை குறைக்கும் மாத்திரைகளுக்காக இருக்கும்.

அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஜப்பானில் சுண்டெலிகளுக்குக் கூர்க்கன் சாரம் கொடுத்தபோது கல்லீரல் பெருத்துக் கொழுப்பு படிந்தது. சுத்தமான ஃபோர்ஸ்கோலின் மட்டும் கொடுத்தபோது அப்படி ஆகவில்லை. சாரத்தில் இருந்த வேறு ஏதோ ஒன்றின் வேலை. மூலிகைமணி அம்மா, "மற்றவை" எப்போதும் துணைக்கு வருவதில்லை என்று நான் சொன்னது இதை நினைத்துத்தான்.

மூலிகைமணி

பதிலுக்கு ஒன்று: எந்தச் சாரம், எந்த முறையில் எடுத்தது? கம்பெனிகள் செய்வது போல ரசாயனக் கரைப்பானில் வடித்ததை எங்கள் குடிநீரோடும் (கஷாயம்) சூரணத்தோடும் (பொடி) ஒப்பிடக்கூடாது. கரைப்பான் மாறினால் உள்ளே வருவதும் மாறும், இதை நீங்களே வகுப்பில் சொல்வீர்கள்.

குடுவை

சொல்வேன். இதில் உங்கள் பக்கம்தான் நான். சூரணத்தையே வாய்வழியே கொடுத்து, பிரஷர் ஏறிய எலியில், மாதக்கணக்கில் பார்க்கும் ஆய்வுகள் வர வேண்டும். கரைப்பானில் வடித்த சாரத்தின் முடிவை எடுத்து சூரண டப்பாவின் பின்பக்கம் அச்சடிப்பதுதான் எனக்கு ஆகவில்லை.

காட்டுவாசி

ஒரு குறுக்கீடு. சர்ப்பகந்தியை மருந்துக்காக வேரோடு தோண்டியே காடுகளில் அருகிவிட்டது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1990-இல் இருந்து இருக்கிறது, வெளிநாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. சந்தையில் சல்லிசாகச் சர்ப்பகந்திப் பொடி கிடைக்கிறது என்றால் அது அந்த வேர்தானா என்பதையே முதலில் கேளுங்கள். அதே பேரினத்தின் வேறு செடிகளின் வேரைக் கலப்பது ரொம்ப நாளாக நடக்கிறது.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் கணக்கோடு சொல்லிவிட்டேன், மாத்திரை தொடர்கிறது, டப்பாவை டாக்டரிடம் எடுத்துப்போகிறேன். ஆனால் அவர் ஏற்கெனவே கொஞ்ச நாள் மாத்திரையோடு சேர்த்துப் பொடியும் குடித்திருக்கிறார் என்று இன்றைக்குத்தான் அம்மா சொன்னார். மூக்கடைப்பு இருக்கிறது, சளி என்று நினைத்திருந்தோம்.

குடுவை

சளியாகவும் இருக்கலாம். ஆனால் இன்றைக்கே நாடித்துடிப்பையும் பிரஷரையும் அளந்துவிடுங்கள், உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு முறை. நின்றதும் தலைசுற்றினாலோ துடிப்பு வழக்கத்தைவிட நன்றாகக் குறைந்திருந்தாலோ, முன்பதிவு நாள் வரை காத்திருக்க வேண்டாம், நேராகப் போங்கள். பொடி குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள். ஆபரேஷன், பல் பிடுங்குவது ஏதாவது இருந்தால் அங்கேயும் சொல்லுங்கள், மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிய வேண்டும். நிறுத்திய பிறகும் சில நாள் விளைவு இருக்கலாம். மனசு எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள், எதிலும் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மீசைக்காரி

தலைப்பில் இருந்து விலகிக் கேட்கிறேன். எங்கள் பூனைக்கு 14 வயது, சிறுநீரகக் கோளாறு. பிரஷர் 185 என்று டாக்டர் சொன்னார். பொடி கொடுக்கும் எண்ணமெல்லாம் இல்லை, ஆனால் பூனைக்கும் பிரஷர் மாத்திரை உண்டா?

ஆடுமாடு டாக்டர்

உண்டு. பெரும்பாலும் முதலில் எழுதுவது அம்லோடிபின், வைகைக்கரை அப்பா சாப்பிடும் அதே மருந்து, பூனை எடைக்கு ஏற்ற அளவில். வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறாலும் தைராய்டு அதிகமாவதாலும் பிரஷர் ஏறுவது சகஜம். 180-க்கு மேல் என்பதைச் சும்மா விடக்கூடாது, விழித்திரை கழன்று ஒரே நாளில் பார்வை போகலாம். வெளிச்சத்திலும் பாப்பா விரிந்தே இருக்கிறதா, பாத்திரத்தில் மோதுகிறதா என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த 185 எப்படி எடுத்தது? கூடையிலிருந்து எடுத்த உடனே அளந்தால் பயத்திலேயே ஏறும், பிப்பெட் சொன்ன எலி மாதிரிதான். அமைதியான அறையில் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, முன்னங்காலிலோ வாலிலோ பட்டையைக் கட்டி, பல முறை எடுத்து, முதல் அளவை விட்டுவிட்டுச் சராசரி பார்க்க வேண்டும். பட்டையின் அகலம் காலின் சுற்றளவில் 30 முதல் 40 சதவீதம். அப்படி எடுத்தும் 185 என்றால் தாமதிக்காமல் உங்கள் டாக்டரிடம் மாத்திரை பற்றிப் பேசுங்கள்.